லேபிள் ஒட்டாத புட்டியும் கோல சிலாங்கூர்ப் பயணமும்

இந்தக் கட்டுரையை எழுத வேண்டாமென்று பத்து நாள் தள்ளிப்போட்டேன். புதுச் சாமான்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து நல்லது கெட்டது சொல்வதுதான் எனக்கு இடப்பட்ட வேலை. நடந்தது வேறு. ஆனாலும் இதே சாமான்களை வாங்கித் தோட்டத்துக்குக் கொண்டுபோக நினைக்கிறவர்கள் நம் வாசகர்களில் பலர் இருக்கிறீர்கள். அதனால் ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

1926ஆம் ஆண்டு மார்ச் மாதம் புறப்பட்டேன். ரப்பர் விலை நன்றாக இருப்பதால் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிமார்களும் பள்ளி ஆசிரியர்களும் கேமரா வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். கோலாலம்பூர்க் கடைகள் செய்யும் விளம்பரத்தைப் பார்த்து, ‘இதெல்லாம் தோட்டத்தில் உபயோகப்படுமா?’ என்று பத்திரிகைக்குக் கடிதம் மேல் கடிதம். இருபத்திரண்டு வருஷமாகக் கோர்ட்டு, கப்பல், வெள்ளம் என்று எழுதி வருகிற என்னிடம் ஆசிரியர் ஒரு பெட்டியைக் கொடுத்தார். ஒரு கடை இரவலாகத் தந்த சாமான்கள். உள்ளே ஐந்து பொருள்கள்: கேமராவை நிறுத்தும் மடக்கு முக்காலி ஒன்று, ஆறு வெள்ளி; கேமராவில் மாட்டினால் பத்து விநாடி கழித்துத் தானே அழுத்தும் விசை, மூன்றரை வெள்ளி; இருட்டறை இல்லாமல் பட்டப்பகலிலேயே பிலிம் கழுவும் தொட்டி, அதற்கான ரசாயனத் தூள் டின்னோடு பதினான்கு வெள்ளி; பம்ப் அடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு, எட்டு வெள்ளி; வெந்நீர் ஆறாத பிளாஸ்க், நான்கு வெள்ளி. கேமராவும் டார்ச் லைட்டும் என்னுடையவை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூரில் மோட்டார் பஸ் ஏறினேன். சுங்கை பூலோ, ஈஜோக் வழியாகக் கோல சிலாங்கூர் நாற்பத்திரண்டு மைல். கட்டணம் ஒரு வெள்ளி இருபது காசு. பெட்டிக்குத் தனியாகப் பத்துக் காசு. பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஆற்றைக் கடக்க வேண்டும். சிலாங்கூர் ஆறு அந்த இடத்தில் அகலமானது. தண்ணீர் பால் விட்ட தேநீர் நிறம். படகுக்காரர் மாட் என்ற மலாய்க்காரர், துடுப்பைப் போட்டுக்கொண்டே தண்ணீரில் கையை விட வேண்டாம் என்று சைகை காட்டினார். “புவாயா,” என்றார். முதலை. அதற்குப் பிறகு அக்கரை சேரும்வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்கரையிலிருந்து வடக்கே ஏழு மைல் மாட்டுவண்டி. இருபுறமும் சதுப்பு. வழியில் வீடு என்று ஒன்றும் இல்லை. ஐந்தாவது மைலில் வண்டிக்காரர் மாட்டை நிறுத்திச் செம்மண்ணில் பதிந்திருந்த பெரிய காலடித் தடத்தைக் குனிந்து பார்த்தார். “நேத்து மழைக்கு அப்புறம் போயிருக்கு,” என்று மாட்டை ஓட்டினார். எது என்று நான் கேட்கவில்லை. தோட்டம் வந்து சேரும்போது மணி இரண்டு. வண்டிக்கூலி ஒரு வெள்ளி.

தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் செல்லத்துரை யாழ்ப்பாணத்துக்காரர், எனக்குப் பல வருஷப் பழக்கம். மனைவி மக்கள் ஊருக்குப் போயிருந்ததால் மருந்துக் கொட்டகையை ஒட்டிய குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை அந்த வாரம் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போயிருந்தார்.

நான்கு மணிக்கு, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் முக்காலியை நிறுத்தி, விசையை மாட்டி, நானும் ஜனங்களோடு போய் நின்றேன். டிக் டிக் என்று ஓடிக் கடைசியில் தானே அழுத்தியது. பெண்கள் இரண்டு பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

“ஆளு இல்லாமயே வேல செய்யுதே,” என்றார் வீரன் என்ற ரப்பர்ப் பால் வெட்டுக்காரர். “அப்ப நம்ம மண்டோரு வேலயையும் இதுக்கே குடுத்துடலாம். சத்தமும் கம்மியா இருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனுசாமியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. வீரனின் மனைவி அஞ்சலை கதவோரமாகப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். ஆறு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு மறுநாள் வேலைக்கு இறங்கப்போகிறாள் என்று டிரெசர் சொன்னார்.

இனி என் தவறு. பிலிம் கழுவும் தொட்டிக்கான தூளை வெந்நீரில் கரைத்து, பிறகு நன்றாகக் குளிர வைக்க வேண்டும். தண்ணீர் சூடாக இருந்தால் பிலிமின் மேல்பூச்சு உருகிவிடும். கூடவே வந்த காகிதத்தில் எழுதியிருக்கும் குளிர்ச்சி இந்த நாட்டில் எந்த வீட்டிலும் கிடைக்காது. அதனால் இரவு முழுவதும் வெளியில் வைத்து, விடியற்காலையில் கழுவலாம் என்று முடிவு செய்தேன். இறுக்கமான தக்கை போட்ட புட்டி ஒன்று டிரெசரிடம் கேட்டேன். காய்ச்சல் மருந்தான கொயினா இருந்து, கழுவி வைத்திருந்த பழைய புட்டியைக் கொடுத்தார். மாலை ஏழு மணிக்கு ரசாயன நீரைக் கலந்து அதில் ஊற்றி, ஈரச் சாக்கைச் சுற்றி, மருந்துக் கொட்டகையின் சன்னல் விளிம்பில் காற்றுப் படும்படி வைத்தேன். லேபிள் ஒட்டவில்லை. விடிந்ததும் நானேதானே எடுக்கப்போகிறேன் என்ற நினைப்பு.

அந்த விளிம்பில்தான் தினமும் கொயினாப் புட்டி வைக்கப்படும் என்பது எனக்குத் தெரியாது. டிரெசருக்குத் தெரியும். ஆனால் நான் அங்கே வைத்ததை அவர் பார்க்கவில்லை.

தோட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு விவரம். காலை ஐந்து மணிக்குப் பெரட்டு. ஆட்கள் வரிசையாக நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். காய்ச்சல் அதிகமான இந்தப் பகுதியில் பெரட்டிலேயே ஆளுக்கு ஓர் அவுன்ஸ் கொயினா ஊற்றுவார்கள். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர்களுக்கு இரண்டு அவுன்ஸ், அதுவும் முதலில். துப்பினால் அரை நாள் பேர், அதாவது அரை நாள் கூலிக் கணக்கு, போய்விடும். அதனால் யாரும் துப்ப மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குக் கடைசி லயத்தில் ஒரு குழந்தைக்கு வலிப்பு என்று டிரெசரைக் கூப்பிட்டுப் போனார்கள். போகிற போக்கில், “புட்டி யன்னலுக்கை இருக்கு, நீயே ஊத்தத் தொடங்கு,” என்று மண்டோரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் ஐந்தேகாலுக்கு முகம் கழுவிவிட்டுப் புட்டியை எடுக்கப் போனேன். சன்னலில் சாக்கு மட்டும் கிடந்தது. அதற்குப் பின்னால், சுவரோரமாக, இன்னொரு புட்டி நிரம்பியபடி இருந்தது. தக்கையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசந்தது.

பெரட்டுத் திடல் நூறு கஜம்கூட இராது. ஓடினேன். அரிக்கேன் வெளிச்சத்தில் மண்டோர் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“கொயினாவா இது? சவக்காரத் தண்ணி மாதிரி வழவழன்னு இருக்கு,” என்று அந்த ஆள் வாயைத் துடைத்தார்.

“ஒனக்குத் தெனம் ஒரு ருசி கேக்குதா? அரை நாள் பேர வெட்டுனா எல்லாம் சரியாவும்.”

நான் புட்டியைப் பிடுங்கினேன். பக்கவாட்டில் ஒட்டியிருந்த அவுன்ஸ் அளவுக் காகிதத்தில் மூன்று கோடு இறங்கியிருந்தது.

“யார் யார் குடிச்சாங்க?”

“இவன் துப்பிட்டான். அதுக்கு முன்னால அஞ்சலை மட்டும்தான். ரெண்டு அவுன்ஸு. ஏங்கய்யா?”

அஞ்சலை வரிசையின் ஓரத்தில் பால் வாளியோடு நின்றிருந்தாள். டார்ச் லைட்டை அவள் முகத்தில் அடித்தேன். கண் கூசி, கையால் மறைத்தாள். பிழைத்தோம் என்று நினைத்தேன். வெளிச்சம் கொஞ்சம் கீழே இறங்கியபோது உதடு தெரிந்தது. வெளுத்து, ஓரத்தில் நீலம் ஓடியிருந்தது.

“துப்பியிருக்கக் கூடாதாம்மா?” என்றேன்.

“உப்புக் கரிச்சுதுங்க. மருந்து மாத்திட்டாங்கன்னு நெனச்சேன். ஆறு நாள் பேரு போயிருச்சு. இன்னைக்கும் போனா என்னங்க பண்றது?” என்றவள் குனிந்து வாந்தி எடுத்தாள்.

டிரெசர் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். “உப்புத் தண்ணி வேணும். சூடா. கெதியா,” என்றார். அவர் வீட்டு அடுப்பு அணைந்து கிடந்தது. விறகு மூட்ட நேரமில்லை. பெட்டியிலிருந்த பம்ப் அடுப்பு நினைவுக்கு வந்தது.

அந்த அடுப்பு நாலு நிமிஷத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. கோலாலம்பூரில் நானே சோதித்தேன், உண்மை. அன்று காலை ஒன்பது நிமிஷம் ஆயிற்று. முதலில் கிண்ணத்தில் எரிசாராயம் ஊற்றிக் குழாயைச் சுட வைக்க வேண்டும், பிறகு பம்ப், துளை அடைத்தால் மெல்லிய ஊசியால் குத்த வேண்டும். ஊசி என் விரலைத்தான் இரண்டு முறை குத்தியது. மூன்றாவது தடவை சுவாலை ஒரு முழ உயரம் எழும்பி என் புருவத்தைப் பொசுக்கியது. வெளியே அஞ்சலை முனகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது ஓயும் ஒவ்வொரு முறையும் நான் பம்ப் அடிப்பதை நிறுத்திக் காது கொடுத்தேன்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் மூன்று குவளை கொடுத்து வாந்தி எடுக்க வைத்தோம். டின்னோடு வந்த காகிதத்தை டார்ச் வெளிச்சத்தில் மேலிருந்து கீழ்வரை படித்தேன். விஷம் என்று சின்ன எழுத்தில் ஒரு சொல் இருந்தது. குடித்தால் என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை. “இஞ்சை வைச்சிருந்தால் சரிவராது. ஆத்தைக் கடந்து கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்,” என்றார் டிரெசர்.

புகை போட்ட ரப்பர்த் தகடுகளைப் படகுத்துறைக்கு ஏற்றிப்போக வந்த சீனருடைய லோரி ஸ்டோருக்கு முன்னால் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். “சாக்கிட்?” என்று மலாயில் கேட்டார், நோயா என்று. “வா வா, ரப்பர் மேலே படுக்க வை. மெத்தை மாதிரி லா,” என்றார். கூலி எவ்வளவு என்று கேட்டேன்; அவர் ஹேண்டிலைச் சுழற்றினார். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வீரன் ஓடிவந்து ஏறிக்கொண்டார். டிரெசரும் நானும் ஏறினோம். ஆறு இருபத்தைந்துக்குப் புறப்பட்டோம். பிளாஸ்கில் ஊற்றிக்கொண்ட பாலை அரை மைலுக்கு ஒரு வாய் என்று கொடுத்தோம். பாதி உள்ளே போயிற்று.

நாலாவது மைலில் வீரன் என்னிடம் கேட்டார்.

“அது என்னாங்கய்யா தண்ணி?”

“போட்டோ கழுவுறது.”

“போட்டோவு,” என்றார். பிறகு, “நேத்து நின்னு சிரிச்சோமே, அதக் கழுவவா?” என்றார். நான் தலையாட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏழு ஐந்துக்கு ஆற்றங்கரை. தண்ணீர் வற்றியிருந்தது. கரையிலிருந்து ஓட்டம் இருக்கும் இடம்வரை நாற்பது கஜத்துக்கு வெறும் சேறு. நடந்தால் இடுப்புவரை இறங்கும். மாட் கையை விரித்தார். “ஆயர் சுருட், துவான்.” நீர் வற்றிவிட்டது ஐயா என்று. நீர் ஏற இன்னும் இரண்டு மணி நேரமாம். அஞ்சலையின் விரல் நுனிகளும் இப்போது நீலமாக இருந்தன. டிரெசர் நாடியைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார்.

மாட் அவளைக் குனிந்து பார்த்தார். பிறகு தம் குடிசைப் பக்கம் போய், சேற்றில் சிப்பி பொறுக்கப் போகிறவர்கள் தள்ளிக்கொண்டு போகும் வழுவழுப்பான பலகையை இழுத்து வந்தார். ஆள் நீளத்துக்குச் சற்று அதிகம். அதில் அவளைக் கிடத்தினோம். அவர் ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மற்றக் காலால் சேற்றை உதைத்துத் தள்ளினார். ஓட்டத்தில் நின்ற படகை நோக்கிப் பலகை சறுக்கிப் போயிற்று. குடிசையோரம் கிடந்த இன்னொரு பலகையைப் பிடித்தபடி வீரன் பின்னால் போனார். பத்து கஜம் போனபோது வலதுபுறம் சேற்றில் ஏதோ நீளமாக அசைந்து தண்ணீருக்குள் வழுகியது. மாட் திரும்பிப் பார்க்கவே இல்லை. உதைத்துக்கொண்டே போனார்.

மாட் அவளைப் படகில் ஏற்றிவிட்டுப் பலகையோடு திரும்பி வந்து எங்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோகக் காத்திருந்தோம். அப்போதுதான் டிரெசர் வாயைத் திறந்தார்.

“டொக்டரிட்டை என்ன சொல்லுறது? பச்சை மரவள்ளி திண்டு நஞ்சு ஏறினது எண்டு சொல்லலாமே? இஞ்சை அது நடக்கிறதுதான்.”

“மரவள்ளிக்குப் பார்க்கும் வைத்தியம் இதுக்குச் சரிவருமா?”

“பத்தொன்பது வருச வேலை,” என்றார் டிரெசர். “புட்டி நான் தந்தது. ஊத்தச் சொன்னதும் நான்.”

“வைத்தது நான்,” என்றேன். எனக்கும் அந்தப் பொய் பிடித்திருந்தது என்பதை இங்கே எழுத வேண்டும். படகில் ஏறும்வரை அது பிடித்திருந்தது.

எட்டு ஐந்துக்கு ஆஸ்பத்திரி. நான் தூள் டின்னையும், அந்தக் காகிதத்தையும், மீதி இருந்த புட்டியையும் டாக்டரின் மேசைமேல் வைத்தேன். டிரெசர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே முன்னால் வந்து, எத்தனை அவுன்ஸ், எத்தனை மணிக்கு, எத்தனை தரம் வாந்தி என்று ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் டின்னில் எழுதியிருந்ததைப் படித்து, ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு. ஒரு முனையில் வீரன், மறுமுனையில் நான். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இருவரும் எழுந்தோம். பதினொன்றேகாலுக்குத் தாதி ஒருத்தி வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. விரிப்பு மாற்றத்தான் என்பது பிறகு தெரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படிப்பட்ட வராந்தாக்களில் நோட்டுப் புத்தகத்தோடு எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்தது அதுவே முதல்தடவை.

மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். உயிருக்கு ஆபத்து நீங்கியது, நாலைந்து நாள் இருக்கட்டும் என்றார். “டின்னைக் கொண்டுவந்தது நல்லது,” என்று சொல்லிவிட்டுப் போனார். வீரன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “இன்னைக்குப் பேரு என்னா ஆச்சுன்னு கேக்குறா,” என்றார்.

வாசகர்கள் எதிர்பார்க்கும் விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முக்காலியும் விசையும் கொடுத்த காசுக்குத் தகும். பிளாஸ்க் எட்டு மணி நேரம் சூடு காக்கும். தோட்டத்தில் நோயாளியோ குழந்தையோ உள்ள வீட்டுக்கு அவசியம். பம்ப் அடுப்பு நல்ல அடுப்பு. ஆனால் அவசரத்துக்கு வேண்டுமென்றால், அவசரமில்லாத நாட்களில் இருபது தடவையாவது மூட்டிப் பழகுங்கள். தொட்டியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பிலிமைக் கழுவவில்லை, இனிக் கழுவும் எண்ணமும் இல்லை. ரசாயனத் தூள் வாங்குகிறவர்கள் அதைப் பூட்டி வையுங்கள். கரைத்ததை மருந்துப் புட்டியிலோ, குடிக்கும் பொருள் இருந்த எந்தப் புட்டியிலோ ஊற்றாதீர்கள். டின்னையும் காகிதத்தையும் எறியாதீர்கள். ஆற்றுக்கு வடக்கே போகிறவர்கள் நீர் ஏறும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புட்டி முழுக்க என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டுத் துரைக்குக் கொடுத்திருக்கிறேன். டிரெசரையும் மண்டோரையும் அவர் என்ன செய்வார் என்று இதை எழுதும்வரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலையே வீரன், டிரெசர், நான் மூவரும் தோட்டத்துக்குத் திரும்பினோம். வீரனுக்குக் குழந்தையைப் பார்க்க வேண்டும், எனக்குப் பெட்டியை எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பெரட்டு. டிரெசரே கொயினாப் புட்டியோடு நின்றார். பெயர் கூப்பிட்டார்கள். முதல் பெண் முன்னால் வந்தாள். டிரெசர் அளவுக் கிண்ணத்தை நீட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவளும் திறக்கவில்லை. மண்டோர் அரை நாள் பேரைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அறுபது பேருக்கு மேல் இருக்கும். எல்லோரும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்கள். காய்ச்சல் பரவும் மாதம் அது. இவர்கள் கொயினாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது டிரெசருக்குத் தெரியும்.

வீரன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையிலிருந்து வெளியே வந்தார். என்னைக் காட்டினார்.

“அந்த அய்யா மொதல்ல குடிக்கட்டும்.”

டிரெசர் ஓர் அவுன்ஸ் ஊற்றினார்.

“அவளுக்கு ரெண்டு ஊத்துனீங்க,” என்றார் வீரன்.

இரண்டு அவுன்ஸ் குடித்தேன். அவர்கள் போகவில்லை. நானும் போக முடியவில்லை. மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் வந்தது. பால் வெட்டும் நேரம் தவறிக்கொண்டிருந்தது. அறுபது பேர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கொயினாதான் என்று எனக்குத் தெரியும். நானே ருசி பார்த்த புட்டி. ஆனாலும் என் விரல் நுனிகளை நான் இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கொயினாவைக் கூடுதலாகக் குடித்தவர்களுக்குக் காது இரையும். தோட்டத்தில் அது குழந்தைக்கும் தெரியும். வீரன் கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார்.

“காது இரையுதுங்களா?”

“இரையுது,” என்றேன். அவர் கேட்டதே எனக்குத் தூரத்தில் கேட்டது.

“அப்ப இது கொயினாதான்,” என்று வரிசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு டிரெசருக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறந்தார்.